இருபத்திரண்டு மாதிரிகள்

பிப்ரவரி 3, திங்கள்

உறுதியானது: ஆவாரவலசு கிராமத்தில் எடுக்கப்பட்ட இருபத்திரண்டு கிணற்று நீர் மாதிரிகளும் குடிநீர் வரம்புக்குள் இருக்கின்றன. ஆதாரம்: மாசுக் கட்டுப்பாட்டு வாரிய நிபுணர் குழுவின் அறிக்கை, பக்கம் 31. குழுத் தலைவர் பேராசிரியர் ஹரிஹரசுதன் கையெழுத்திட்ட பிரதியை இன்று காலை பதினொன்றரைக்கு நானே வாங்கிப் படித்தேன்.

இதன் விளைவு: சாயப்பட்டறைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கேட்டிருக்கும் இரண்டாவது உப்புக் கழிவுக் குளத்துக்கு அனுமதி தரலாம் என்று குழு பரிந்துரைக்கிறது. முதல் குளம் கசிந்து கிணறுகளைக் கெடுத்துவிட்டது என்பது ஊரின் புகார். அப்படிக் கசியவில்லை என்கிறது பக்கம் 31. புதிய குளம் வரப்போகும் இடத்துக்கும் ஊரின் கடைசிக் கிணற்றுக்கும் இடையே நானூறு மீட்டர். இறுதி விசாரணை மார்ச் 5.

முன்னுரையில் ஒரு வரி: "ஊடகங்களில் வந்த உணர்ச்சிவயப்பட்ட சித்திரிப்புகளைக் கள அளவீடுகள் உறுதிப்படுத்தவில்லை." ஊடகங்கள் என்று பன்மையில் போட்டிருக்கிறார்கள். எழுதியது நான் ஒருத்திதான். அக்டோபரில், எங்கள் நாளிதழில், அரைப்பக்கம். 'கருவறை வற்றிய ஊர்' என்ற தலைப்பை வைத்தது அலுவலகத்தின் எடிட்டிங் டெஸ்க், நான் அல்ல.

செய்தி ஆசிரியர் குருநாதன் போன் செய்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

"தமயந்தியக்கா, ரிப்போர்ட் வந்துருச்சாமே. ஒரு இருபது வரி போட்டுருவோம். பெருசு பண்ண வேண்டாம்."

"அக்டோபர்ல அரைப்பக்கம் குடுத்தியே குரு."

"அப்ப அழுகை இருந்துச்சுக்கா. இப்ப வெறும் நம்பர்தானே இருக்கு."

பத்தொன்பது வரி எழுதிக் கொடுத்தேன். மாலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. வால்வு கசிந்தது, திருப்பி அனுப்பினேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

அறிக்கையின் இணைப்புகளை யாரும் படிப்பதில்லை. நான் படிப்பேன். முப்பது வருடப் பழக்கம்.

தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு ஐநூறு மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் இரண்டாயிரம் வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆவாரவலசின் இருபத்திரண்டு மாதிரிகளில் மிகக் குறைந்தது 312, மிக அதிகம் 318. எழுபது அடித் திறந்த கிணறும் எழுநூறு அடி ஆழ்துளைக் கிணறும் ஆறே எண்களுக்குள் அடங்கிவிட்டன. ஒரே கிணற்றில் காலையும் மாலையும் எடுத்தால்கூட இதைவிட வித்தியாசம் வரும்.

ஊருக்கு ஒன்பது நாளுக்கு ஒருமுறை குழாயில் ஆற்றுத் தண்ணீர் விடுகிறார்கள். குடிநீர் வாரியப் பொறியாளரிடம் அதன் அளவு கேட்டேன். "முன்னூத்திப் பத்து, பதினஞ்சு இருக்கும். ஏன் மேடம்?" என்றார். சும்மா கேட்டேன் என்றேன்.

பிப்ரவரி 6, வியாழன்

காலை 7.40 பஸ். முப்பத்து நான்கு கிலோமீட்டர், பிறகு ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. செருப்பு வார் அறுந்தது, ஊக்குப் போட்டுக்கொண்டேன்.

பாவாத்தாள் மகளிர் குழுத் தலைவி. வயது நாற்பத்தாறு. அக்டோபரில் என்னை வீடு வீடாக அழைத்துப் போனவள் அவள்தான். அன்று என் கையை விடவே இல்லை. இன்று வாசலை மறித்து நின்றபடி பேசினாள்.

"வாங்க்கா. எழுதறதுக்கு இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்குதுங்களா?"

"உங்க தண்ணி நல்லாருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கே பாவாத்தா."

"நல்லாத்தானுங்க இருக்குது. போன மாசமே வூட்டுக்கு ஒரு லேப் சீட்டுக் குடுத்துட்டாங்கல்ல."

"அன்னிக்குப் பருப்பு வேகலைன்னு சட்டியோட கொண்டாந்து காட்டினியே?"

"குக்கரு வாங்கிட்டமுங்க."

உள்ளே அவள் மகள் கோகிலவாணி சிரிப்பை அடக்கிக்கொள்வது கேட்டது.

மாட்டுத் தொட்டிக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நேற்று கடையில் வாங்கிய உப்பளக்கும் கருவியை அதில் வைத்தேன். 6,840. பாவாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் குச்சி கெட்டுப்போயிருக்குமுங்க்கா. கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்."

மாடு குனிந்து முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. இதை எழுதக் கூடாது. எழுதினால் உணர்ச்சி என்பார்கள்.

பிப்ரவரி 7, வெள்ளி

செருப்புத் தைத்தாயிற்று.

பிப்ரவரி 10, திங்கள்

எங்கள் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் ஓர் அச்சகம் இருக்கிறது. பாவாத்தாள் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்திருந்தாள். வேலை முடிந்ததும் அவளாகவே என்னைத் தேடி வந்தாள். டீக்கடைக்குப் போனோம்.

இணைப்பைக் காட்டினேன். எண்களை விரலால் தொட்டுத் தொட்டுக் கீழே வரை போனாள். அவசரப்படவில்லை.

"ஆளுக்கு ஒரு பாட்டிலக் குடுத்துட்டுப் போனாங்க. விடியால கரண்ட் வந்ததும் மோட்டாரப் போட்டு, பத்து நிமிசம் ஓட உட்டு, அப்பறம் புடிச்சு வைங்கன்னு சொன்னாங்க. எங்கூட்டுத் தொட்டியில ஆத்துத் தண்ணி புடிச்சு வெச்சிருந்தனுங்க. இருபத்திரெண்டும் அதுல மொண்டதுதேன்."

"யார் சொல்லி?"

"நாந்தேன் வூடு வூடாப் போய்ச் சொன்னேன்."

"ஏன் பாவாத்தா?"

"ஏன்னு நீங்க கேக்கறீங்களாக்கா?"

பக்கத்து மேசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க பேப்பரு வந்த மூணாம் வாரம் கோகிலாவப் பாக்க வந்தாங்க. சொம்புல தண்ணி கொண்டாந்து வெச்சேன். ஒருத்தரும் தொடல. மாப்பிள்ளையோட அத்தை பையில இருந்து பாட்டில எடுத்தா. எங்கூட்டுச் சேர்ல உக்காந்துட்டு, அவுங்களுக்குள்ளயே மாத்தி மாத்திக் குடிச்சாங்க. ஊர்ல நாலு வூட்ல இதே கதைங்க. இந்த ஊருப் புள்ளைக்குக் கரு நிக்காதுன்னு பேப்பர்லயே போட்டிருக்குதாமா."

அப்படி ஒரு வாக்கியம் என் கட்டுரையில் இல்லை என்று சொன்னேன். இல்லைதான்.

"இப்ப வந்த மாப்பிள்ளை வூட்டுக்கு லேப் சீட்டத்தேன் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தம். மாப்பிள்ளையோட அப்பா கண்ணாடி போட்டுட்டு ரெண்டு தரம் படிச்சாரு. அப்பறம், 'தண்ணி கொண்டாங்கம்மா'ன்னு அவரே கேட்டு வாங்கிக் குடிச்சாரு. கோகிலா உள்ள போயி அழுதுட்டா."

"குளம் வந்துருமே."

"கண்ணாலம் மார்ச் ஒம்பதுங்க. விசாரணை அஞ்சு. நடுவுல நாலே நாளு. அதுக்கு முன்ன நீங்க எழுதுனீங்கன்னா நான் கெணத்துல உழுகோணும்." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உழுந்தாலும் அந்த உப்பு என்னய மெதக்க வெச்சுப்போடும்" என்றாள்.

சிரித்தோம். இரண்டு பேருமே சிரித்தோம் என்பதைக் குறித்து வைக்கிறேன்.

நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

பேராசிரியர் ஹரிஹரசுதனைக் கல்லூரியில் சந்தித்தேன். சுத்திகரிப்பு நிலையத்தின் ஆள் அவர் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அதற்கு எனக்கு ஆதாரம் கிடைத்ததில்லை. மூன்று வருடம் தேடியிருக்கிறேன்.

ஊர் பெயரையும் ஆள் பெயரையும் தவிர்த்து, "மாதிரிகள் மாறியிருக்க வாய்ப்பு உண்டா?" என்று கேட்டேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"உண்டு. மும்முனை மின்சாரம் விடியக்காலையில ரெண்டு மணி நேரம்தான் வருது. இருபத்திரண்டு மோட்டாருக்கும் ஒரே நேரத்துல நிக்க என்கிட்ட ஆள் இல்ல. பாட்டிலை வீட்டிலேயே விட்டுட்டு வந்தோம். அது என் தப்பு."

"எல்லாம் ஒரே எண்ணா வந்தப்போ சந்தேகம் வரலையா?"

"வந்திருக்கணும்." மேசை மேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். "மேடம், இந்த ஆய்வு வேணும்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல சண்டை போட்டு வாங்கினதே நான்தான். உங்க கட்டுரையை வெச்சுத்தான் சண்டை போட்டேன். ரெண்டு வருஷத்துல பதினொரு கருச்சிதைவுன்னு எழுதியிருந்தீங்க. படிச்ச அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கல. அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டா நாலுன்னாங்க. அத்தனை வீட்டுக்கு நாலுங்கிறது எந்த ஊர்லயும் இருக்கிறதுதான். சரி, இந்த ஊர்ல எல்லாமே ஊதிச் சொல்றாங்கன்னு மனசுல விழுந்துருச்சு. அதனால தண்ணி நல்லாருக்குன்னு வந்தப்போ நான் ஆச்சரியப்படல. பார்க்க வேண்டியதைப் பார்க்கல."

பிறகு, "அந்தப் பதினொண்ணு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்.

மறு ஆய்வு கேட்பீர்களா என்று நான் கேட்டேன்.

"எழுத்துல ஒரு ஆள் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும், பாட்டில்ல ஆத்துத் தண்ணிதான் ஊத்தினோம்னு. அன்னிக்கே என் அறிக்கையை நானே திரும்ப வாங்கறேன். அது இல்லாம நான் போய் நின்னா, விஞ்ஞானியும் உணர்ச்சிவசப்பட்டுட்டார்னு சிரிப்பாங்க."

அவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கிளம்பினேன். மழை வரும்போல் இருந்தது.

மழை வரவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

சர்க்கரை, வெறும் வயிற்றில் 168. மெஷின் சரியில்லை என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 19, புதன்

அக்டோபர் நோட்டை எடுத்தேன். பீரோவின் மேல்தட்டில் பழைய நாள்காட்டிகளுக்கு அடியில் கிடந்தது.

நான்கு பெயர்கள் இருக்கின்றன. வீடு, மாதம், எத்தனையாவது பிரசவம், எந்த மருத்துவமனை, எல்லாம் சரியாக எழுதியிருக்கிறேன். நால்வரையும் நேரில் பார்த்திருக்கிறேன். நாலாவது பெயருக்குக் கீழே ஒரு கோடு. அதற்குக் கீழே: "பா. சொன்னது: ஊரில் மொத்தம் 11."

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது பாவாத்தாள் சொன்னாள். எந்த வருடத்திலிருந்து என்று நான் கேட்டதாகக் குறிப்பு இல்லை. கட்டிக்கொடுத்து வெளியூர் போன பெண்களையும் சேர்த்தா என்றும் குறிப்பு இல்லை. பஸ் 4.10-க்குக் கிளம்பி 5.20-க்கு டவுன் வந்தது. செய்தி கொடுக்கக் கடைசி நேரம் ஆறு மணி. கிராம சுகாதாரச் செவிலியரின் போன் எண் அதே பக்கத்தின் ஓரத்தில் இருக்கிறது. சரிபார்க்க நேரம் இல்லை.

நான்குக்கு அரைப்பக்கம் தரமாட்டார்கள். இது குறை அல்ல, நடைமுறை. உள்பக்கத்தில் நான்காவது பத்தியில் வந்திருந்தால் ஆய்வே நடந்திருக்காது.

நடந்த ஆய்வைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 26, புதன்

கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. மஞ்சள் தடவி, என் பெயரைக் கோகிலவாணியே எழுதியிருக்கிறாள். "நிருபர் பெரியம்மா அவர்களுக்கு."

மார்ச் 5, புதன்

விசாரணை. காலை 10.30 என்று அறிவித்து 11.15-க்குத் தொடங்கினார்கள். ஊரிலிருந்து நாற்பது பேர் வேனில் வந்திருந்தார்கள். நிருபர்களுக்கு இடதுபக்கம் இரண்டு பெஞ்சு.

ஹரிஹரசுதன் தன் அறிக்கையை வாசித்தார். பக்கம் 31 வந்ததும் நிறுத்தினார். "மாதிரி சேகரித்த முறையில் குறைபாடு இருந்திருக்கலாம். மறு ஆய்வு விரும்பத்தக்கது" என்றார். விசாரணை அதிகாரி, ஆதாரம் உண்டா என்று கேட்டார். பேராசிரியர் என் பக்கம் பார்த்தார். பிறகு ஊர்க்காரர்கள் பக்கம் பார்த்தார். "இப்போதைக்கு இல்லை" என்றார்.

ஆட்சேபம் உள்ளவர்கள் பேசலாம் என்றதும் பாவாத்தாள் எழுந்தாள். வரும்வழியில் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். தென்னை பட்டுப்போனது, வெண்டை முளைக்காதது, மாடு தண்ணீர் குடிக்க மறுப்பது என்று வரிசையாகச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்துகொண்டே போனது.

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா," என்றார் அதிகாரி. நல்ல மனிதர், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "உங்க கிணத்துத் தண்ணி நல்லாருக்குன்னு உங்க பேர்லயே சீட்டு இருக்கு. அதைத் தப்புங்கிறீங்களா?"

அவள் வாய் திறந்தது. பின்வரிசையில் அவள் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். வேட்டி, கண்ணாடி. மருமகளின் ஊர் விஷயம் என்று தானாகவே வந்தாராம்.

"இல்லீங்க," என்றாள்.

சுத்திகரிப்பு நிலையத்தின் வழக்கறிஞர் எழுந்தார். என் கட்டுரையை லேமினேட் செய்து வைத்திருந்தார். "ரெண்டு வருஷத்துல பதினொரு கருச்சிதைவுன்னு இதுல போட்டிருக்கே. உண்மையாம்மா?"

"இல்லீங்க."

"அப்ப பேப்பர்ல வந்தது?"

"பொய்யிங்க."

யார் சொன்ன எண் அது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அறையில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். இடதுபக்க பெஞ்சிலிருந்து எழுந்து ஒரு நிமிடம் பேச விதிப்படி தடையில்லை. முன்பு ஒருமுறை ஒரு நிருபர் பேசியிருக்கிறார்.

பேனாவில் மை தீர்ந்திருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 6, வியாழன்

நேற்றைய செய்தி நான் எழுதி அனுப்பியபடியே வந்திருக்கிறது. இருபத்தாறு வரி. 'கருச்சிதைவுச் செய்தி பொய்: விசாரணையில் கிராமப் பெண் சாட்சியம்.' எல்லாம் உள்ளபடி.

குருநாதன்: "நம்ம பேப்பர் பேரைப் போடாம சாமர்த்தியமா எழுதிட்டீங்கக்கா."

மார்ச் 7, வெள்ளி

உறுதியானது: இரண்டாவது குளத்துக்கு அனுமதி ஆணை. ஆதாரம்: ஆணையின் நகல், இன்று பிற்பகல் 3.50. மூன்றாம் பத்தி: "உணர்ச்சியின் அடிப்படையில் அல்லாது அறிவியலின் அடிப்படையில் இம்முடிவு எட்டப்படுகிறது." மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்.

மார்ச் 9, ஞாயிறு

கல்யாணத்துக்குப் போகவில்லை. துணி துவைத்தேன்.

மார்ச் 12, புதன்

பாவாத்தாள் வந்தாள். கையில் மஞ்சள் பை. உட்காரச் சொல்லும் முன்னே உட்கார்ந்தாள்.

பையில் முழுத்தாளில் ஒரு வாக்குமூலம். இருபத்திரண்டு வீட்டுப் பாட்டில்களிலும் ஆற்றுத் தண்ணீர் நிரப்பியதை ஒப்புக்கொள்கிறார்கள். இருபத்திரண்டு கையெழுத்துகள், அவற்றில் ஐந்து கைநாட்டு. முதலாவது பாவாத்தாளுடையது. எழுத்து கோகிலவாணியுடையது. பத்திரிகை உறையில் பார்த்த அதே கையெழுத்து.

"கல்யாணம் ஆகி மூணு நாள்தானே ஆகுது?"

"மறுவூட்டுக்கு வந்தவ உக்காந்து எழுதுனா. அதுக்கு முன்னயே மாப்பிள்ளைகிட்ட அவளே சொல்லிப்போட்டா."

"என்ன சொன்னாரு?"

"வண்டிய எடுத்துட்டுப் போனவரு மத்தியானம் வரைக்கும் வர்ல. நான் வாசல்லயே நின்னுட்டிருந்தேன். அப்பறம் வந்தாரு. சோறு போடுங்கன்னாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவுங்க அப்பனுக்கு இன்னுந் தெரியாதுங்க. தெரிஞ்சா என்ன ஆகுமோ. அதுக்காகக் கொளத்த வெட்ட உட்டுட்டு, அவ பெத்துட்டு வர்றப்போ என்ன தண்ணியக் குடுக்கறது?"

வாக்குமூலத்தின் மூன்றாவது பத்தியைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். "பத்திரிகையில் நான்கைப் பதினொன்று என்று போட்டதால் எங்கள் பெண்களுக்கு வரன் வராமல், ஊர்ப் பெயரைக் காப்பாற்ற இவ்வாறு செய்தோம்."

"பதினொண்ணுன்னு நான்தானுங்க சொன்னேன். எங்கத்தை காலத்துல இருந்து எண்ணிச் சொன்னேன். அத நான் ஒத்துக்கறேன். வேற தாள்ல எழுதிக் குடுக்கறேன். ஆனா நீங்க அதக் கேட்டு விசாரிக்காமப் போட்டீங்கன்னு நீங்களும் ஒரு தாள்ல எழுதோணுமாம். வக்கீலு சொல்றாரு."

சட்ட உதவி மையத்தின் வக்கீலுக்குப் போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டேன். விசாரணையில் ஒன்று சொல்லிவிட்டு இப்போது வேறு சொல்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு அடிக்கும். ஏன் மாற்றினார்கள் என்பதற்கு வெளியாள் சாட்சி நான் ஒருத்திதான். என் தாள் இருந்தால் மறு ஆய்வு ஏறக்குறைய நிச்சயம். ஹரிஹரசுதனும் அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதத்தைத் தயாராக வைத்திருக்கிறார்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றேன்.

"யோசிங்க்கா," என்றாள் பாவாத்தாள். "நானும் ஒரு மாசம் யோசிச்சவதேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 13, வியாழன்

குருநாதனிடம் கேட்டேன். அவர் சட்டப் பிரிவிடம் கேட்டார். பதில் அரை மணி நேரத்தில் வந்தது.

"எழுதிக் குடுக்கக் கூடாதாம்க்கா. குடுத்தா பேப்பர் திருத்தம் போடணும். இந்த மாசம் முப்பத்தொண்ணோட நீங்க ரிட்டையர். முப்பத்திரெண்டு வருஷம், ஒரு மறுப்புச் செய்தி கிடையாது. ஏன் கடைசியா ஒண்ணு?"

"ஏப்ரல் ஒண்ணாம் தேதி குடுத்தா?"

"அப்ப நீங்க எங்க ஆள் இல்ல. அதனால பென்ஷன் மாதிரி சமாச்சாரத்துல..." முடிக்காமல், "உங்க இஷ்டம்க்கா. பிரிவு உபசார விழாவுக்கு அந்த அக்டோபர் பக்கத்தைத்தான் பிரேம் போட்டு வெச்சிருக்கோம்" என்றார்.

ஊரில் ஆறு பெண்களுக்கு வரன் பார்க்கிறார்கள். கோகிலவாணியின் மாமனார் இன்னும் அந்தச் சீட்டை நம்பிக்கொண்டிருக்கிறார். இருந்தும் இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வெள்ளைத்தாள் வாங்கி வைத்திருக்கிறேன். தேதி போடும் இடம் வரை எழுதினேன்; தேதியும் கையெழுத்தும் இன்னும் போடவில்லை.

நிலுவையில் உள்ளவை: குளத்துக்கு மண் வெட்டும் இயந்திரங்கள் வருவது, மார்ச் 17, திங்கள், ஒப்பந்ததாரர் சொன்னது. மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 6, அது ஞாயிறு. எனவே நடைமுறையில் நான்காம் தேதி வெள்ளி, மாலை ஐந்தே முக்கால் வரை. இருபத்திரண்டு கையெழுத்துகள் வந்துவிட்டன. இருபத்து மூன்றாவது எப்போது என்று சம்பந்தப்பட்டவர் தெரிவிக்கவில்லை.